சின்ன ஹைட்ரோபிளேன் கிட்டை ரேடியோ கட்டுப்பாட்டுக்கு மாற்றுவது எப்படி? கிராம் கணக்கில் ஒரு முழு வழிகாட்டி

முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள பால்சா மர ஹைட்ரோபிளேன் (வேகத்தில் நீர்ப்பரப்பின் மேல் எழும்பி ஓடும் படகு) கிட் பெரும்பாலும் ரப்பர் பேண்டிலோ ஒரு சின்ன டிசி மோட்டாரிலோ நேர்கோட்டில் ஓடுவதற்காகத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கும். அதில் ரிசீவர் (ரேடியோ சிக்னலை வாங்கும் பலகை), சர்வோ (சுக்கானைத் திருப்பும் சின்ன மோட்டார்), லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி எல்லாவற்றையும் ஏற்ற இடம் இருக்கும். எடையைத் தாங்கும் சக்திதான் இருக்காது. நீளம் பாதியானால் அடிப்பரப்பு கால்வாசியாகிறது, கொள்ளளவோ எட்டில் ஒன்றாகிவிடுகிறது. 60 செ.மீ. படகு ஒன்று 900 கிராமில் நன்றாக ஓடுகிறது என்றால், அதே வடிவத்தை 30 செ.மீ.க்குச் சுருக்கும்போது மொத்த எடை 112 கிராமில் நிற்க வேண்டும். கையில் கிடைத்த 9 கிராம் சர்வோவையும் பழைய ரிசீவரையும் வைத்துக் கட்டிய படகுகள் 160 கிராமைத் தாண்டி, தண்ணீரை உழுதுகொண்டு போவது இதனால்தான்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது 0.1 கிராம் துல்லியமுள்ள ஒரு டிஜிட்டல் தராசு. மோட்டாரை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

எடைக் கணக்கு

கீழே உள்ளது 300 மி.மீ. நீளம், 130 மி.மீ. அகலம் கொண்ட பால்சா கிட்டுக்கான கணக்கு. உங்கள் கிட் வேறு அளவு என்றால் நீள விகிதத்தின் மும்மடியைக் கொண்டு பெருக்கிக்கொள்ளுங்கள்.

- ஹல் (படகின் உடல்), மேல்தளத்துடன், பூச்சு இல்லாமல்: 55 கிராம்
- பிரஷ்லெஸ் மோட்டார், 1106 அளவு: 7 கிராம்
- இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை), 6 முதல் 10 ஆம்ப், 5 வோல்ட் பி.இ.சி. (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தரும் சுற்று) உள்ளது: 4 கிராம்
- ரிசீவர், உறை நீக்கியது: 2 கிராம்
- சர்வோ, 2 கிராம் வகை: 2 கிராம்
- பேட்டரி, 2 செல் லைப்போ, 300 எம்ஏஎச்: 19 கிராம்
- ஷாஃப்ட், குழாய், கப்ளிங்: 6.5 கிராம்
- ப்ராப் (ப்ரொப்பெல்லர்), ஸ்ட்ரட் (ஷாஃப்ட் குழாயின் வெளிமுனையைத் தாங்கும் தகடு), சுக்கான், திருப்பத் தகடு: 4 கிராம்
- ஒயர், மோட்டார் தாங்கி, புஷ்ராட்: 4 கிராம்
- சீலர், பெயின்ட்: 6 கிராம்

மொத்தம் ஏறக்குறைய 110 கிராம். இதில் ஏமாற்றுவது கடைசி வரிதான். டப்பா ஸ்ப்ரேயில் மூன்று கோட் அடித்து, அதன் மேல் பளபளப்புக்கு வார்னிஷும் பூசினால் 6 கிராம் சத்தமில்லாமல் 15 ஆகிவிடும்.

மோட்டாரின் 7 கிராம் கூடக் கனமாகத் தோன்றினால் 8.5 × 20 மி.மீ. கோர்லெஸ் மோட்டாரை ஒரு செல்லில் ஓட்டலாமே என்ற எண்ணம் வரும். வேண்டாம். அது காற்றாடியைச் சுற்றப் பிறந்த மோட்டார். சுமையில்லாமல் பல்லாயிரம் சுற்று ஓடும். தண்ணீரில் ஒரு ப்ராப்பை நேரடியாக மாட்டினால் மூச்சுத் திணறி, இரண்டு மூன்று ஓட்டத்திலேயே பிரஷ் கருகிப்போகும்.

மோட்டாரும் ப்ராப்பும்

இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. 3,500 கேவி (ஒரு வோல்ட்டுக்கு 3,500 சுற்று) மோட்டார் 7.4 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 25,900 சுற்று. தண்ணீரில் அதில் 70 சதவீதம் கிடைக்கும் என்று வைத்தால் சுமார் 18,000, அதாவது விநாடிக்கு 300 சுற்று. 18 மி.மீ. விட்டமும் 21 மி.மீ. பிட்சும் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) உள்ள இரண்டு இறக்கை ப்ராப், வழுக்கலே இல்லாவிட்டால், விநாடிக்கு 6.3 மீட்டர் தள்ளும். வழுக்கலுக்கு 30 சதவீதம் கழித்தால் மணிக்குச் சுமார் 16 கி.மீ. ஓரடிப் படகுக்கு அது பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கும் வேகம்.

ஒரே சுற்று வேகத்தில் ப்ராப் இழுக்கும் சக்தி, விட்டத்தின் ஐந்தாம் மடிக்கு ஏற்ப உயரும். 18-இலிருந்து 20 மி.மீ.க்குப் போனால் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் ஒன்றுமில்லை, சுமையோ 70 சதவீதம் கூடுகிறது. வேகம் போதவில்லை என்று பெரிய ப்ராப் மாட்டி மோட்டாரைப் புகைய விட்டவர்கள் ஏராளம். 16, 18, 20 என்று மூன்று ப்ராப் வாங்கி வைத்து, சின்னதிலிருந்து தொடங்குங்கள். முழு த்ராட்டிலில் 3 முதல் 4 ஆம்ப் வரை இழுத்தால் சரி. 5 ஆம்ப்பைத் தாண்டினால் ப்ராப்பைக் குறையுங்கள்.

ப்ராப் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும்? ஷாஃப்ட் முனையில் வழக்கமான வலது மரை இருந்தால், பின்னாலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுற்றும் ப்ராப் ஓட ஓடத் தானாக இறுகும். வலஞ்சுழி ப்ராப் தானாகக் கழன்றுகொள்ளும், அதற்கு லாக் நட் கட்டாயம். இடஞ்சுழி ப்ராப் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அந்தச் சுழற்சியின் எதிர்விசை ஹல்லை வலப்பக்கம் சாய்க்கும். படகின் மூக்கும் லேசாக வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். ஆர்.சி. ஹைட்ரோபிளேன்கள் வழக்கமாக வலப்பக்கம் திரும்பித்தான் சுற்று வருகின்றன என்பதால் இது பெரிய தொந்தரவு இல்லை.

ஒட்டுவதற்கு முன் டேப்பில் அடுக்கிப் பாருங்கள்

மூன்று புள்ளி ஹைட்ரோபிளேன் என்றால், முன்னால் இருபக்கமும் நீட்டியிருக்கும் இரண்டு மிதவைகளான ஸ்பான்சன்கள், பின்னால் ப்ராப். வேகத்தில் தண்ணீரைத் தொடுவது அவ்வளவுதான். 1950-இல் சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் மணிக்கு 160 மைலைத் தாண்டிய ஸ்லோ-மோ-ஷன் நான்கு என்ற படகு, பாதி வெளியே நிற்கும் ப்ராப்பின் மீதே பின்பாரத்தைச் சுமந்து ஓடியது. நம் சின்னப் படகு அவ்வளவு தூரம் போகாது. அதன் பின்விளிம்பு அடிக்கடி தண்ணீரை நக்கிக்கொண்டேதான் இருக்கும். ஆனாலும் எடைப் பங்கீட்டின் தத்துவம் அதேதான்.

ஸ்பான்சனின் பின்முனையிலிருந்து பின்பலகை வரை அளந்துகொள்ளுங்கள். ஈர்ப்பு மையம் ஸ்பான்சன் முனைக்குப் பின்னால், அந்தத் தூரத்தில் 25 முதல் 30 சதவீதத்தில் விழ வேண்டும். நம் கிட்டில் அந்தத் தூரம் 140 மி.மீ. எனில், ஸ்பான்சன் முனையிலிருந்து 35 முதல் 42 மி.மீ. பின்னால். அப்போது பாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஸ்பான்சன்கள் மீதும், மீதி பின்பக்கத்திலும் இறங்கும்.

எல்லா பாகங்களையும் டேப் போட்டு ஹல்லில் அடுக்கி, அடிப்புறத்தில் இரண்டு பென்சில் முனைகளை வைத்துத் தூக்கிப் பாருங்கள். பேட்டரியை 25 மி.மீ. முன்பின் நகர்த்த இடம் விட்டே மற்றவற்றின் இடத்தை முடிவு செய்யுங்கள். பேட்டரி ஒன்றுதான் ஒட்டி முடித்த பிறகும் நகர்த்தக்கூடிய பாரம். அதன் இடத்தை அடைத்துவிட்டு, பிறகு மூக்கில் ஈயம் வைப்பது கிட்டைக் கெடுக்கும் வேலை. பின்பலகையில் கூடும் எடையைச் சமன் செய்ய முன்னாலும் எடை சேர்க்க வேண்டிவரும் என்பதால், சர்வோவைப் பின்பலகையோடு ஒட்டி வைக்காமல் படகின் நடுப்பகுதியில் வைத்து நீளமான புஷ்ராட் கொடுப்பது நல்லது.

ஷாஃப்ட் வரிசை: இதில்தான் படகு பிழைக்கிறது, அல்லது சாகிறது

தேவையானவை: 120 மி.மீ. நீளமுள்ள 2 மி.மீ. எஃகு ஷாஃப்ட், ஒரு முனையில் 8 மி.மீ. நீளத்துக்கு எம்2 மரை. வெளிவிட்டம் 3 மி.மீ., உள்விட்டம் 2.1 மி.மீ. உள்ள பித்தளைக் குழாய் 90 மி.மீ. இரண்டு டெஃப்லான் வாஷர். ஒரு துண்டு சிலிக்கான் குழாய்.

ப்ராப்பின் மையம் பின்பலகைக்கு 15 மி.மீ. பின்னால், ஹல் அடிமட்டத்துக்கு 4 மி.மீ. கீழே வரட்டும். மோட்டாரின் வெளிவிட்டம் 14 மி.மீ. எனில், அடிப்பலகையில் உரசாமல் சுற்ற அதன் மையம் அடிமட்டத்துக்கு 10 மி.மீ.க்குச் சற்று மேலே இருந்தாக வேண்டும். மொத்த ஏற்றம் 14.5 மி.மீ. 7 டிகிரி சாய்வில் இதற்குத் தேவையான நீளம் சுமார் 118 மி.மீ. மோட்டார் ஈர்ப்பு மையத்தை ஒட்டியே உட்காரும், இது நமக்குச் சாதகம். 5 டிகிரிக்குச் சாய்வைக் குறைத்தால் 166 மி.மீ. தேவை, மோட்டார் ஸ்பான்சன்களுக்கு நடுவே போய்விடும். 7-ஐத் தாண்டவும் வேண்டாம். 7 டிகிரியில் உந்துவிசையில் 12 சதவீதம் பின்பக்கத்தை மேலே தூக்கப் போகிறது. அதற்கு மேல் போனால் பின்புறம் எழும்பி மூக்கு தண்ணீரில் குத்தும்.

செய்யும் முறை:

1. அடிப்பலகையில் நடுக்கோடு வரைந்து, குழாய் வெளியேறும் இடத்தில் 3 மி.மீ. அகலம், 25 மி.மீ. நீளத்துக்கு ஒரு காடி வெட்டுங்கள். சாய்வாகத் துளை போட முயன்றால் பால்சா பிய்ந்துவிடும்.
2. குழாய்க்குள் ஷாஃப்டைச் செருகி விரலால் சுழற்றிப் பாருங்கள். தானாக வழுக்கிச் சுழல வேண்டும். எங்காவது பிடித்தால் ஷாஃப்டைக் கண்ணாடிப் பலகையில் உருட்டுங்கள். கோணல் இருந்தால் இடைவெளியில் வெளிச்சம் தெரியும். கோணலை நிமிர்த்த மெனக்கெடாமல் வேறு ஷாஃப்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.
3. மோட்டார் தாங்கிக்கு 1.5 மி.மீ. பிளைவுட் போதும். மோட்டாரைத் தாங்கியில் திருகி, மோட்டார் அச்சையும் ஷாஃப்டையும் ஒரு நேரான பித்தளைக் குழாய்த் துண்டால் தற்காலிகமாக இணையுங்கள். மோட்டார் அச்சு 1.5 மி.மீ., ஷாஃப்ட் 2 மி.மீ. என்பதால், சிறிய அச்சின் மீது 2 மி.மீ. வெளிவிட்டமுள்ள ஒரு சின்ன உறையை முதலில் ஒட்டிவிடுங்கள்.
4. அந்த நேர்கோட்டு நிலையிலேயே குழாயையும் மோட்டார் தாங்கியையும் சயனோ பசையால் இரண்டு மூன்று புள்ளிகளில் பிடிக்க வைத்து, பிறகு எபாக்ஸியால் நிரப்புங்கள், குழாயின் வெளிமுனைப் பக்கம் கடைசி 30 மி.மீ. தவிர. குழாயை ஒட்டிய பிறகு மோட்டாரை அதற்கு நேராக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலான அதிர்வுக்குக் காரணம்.
5. எபாக்ஸி இறுகியதும் பித்தளைத் துண்டை எடுத்துவிட்டு 12 மி.மீ. சிலிக்கான் குழாயைக் கப்ளிங்காக மாட்டி, இரு முனைகளையும் நூலால் இறுகச் சுற்றி, நூலின் மீது ஒரு சொட்டு சயனோ விடுங்கள். இரு அச்சுகளின் முனைக்கும் இடையே 1 மி.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டாம். அதிகமானால் கப்ளிங் முறுக்கிக்கொள்ளும்.
6. ப்ராப்புக்கு முன்னால் இரண்டு டெஃப்லான் வாஷர் போட்டு, 0.5 மி.மீ. ஆட்டம் விட்டு மாட்டுங்கள். உந்துவிசை குழாயின் முனையில் இறங்க வேண்டும். ஆட்டமே இல்லாவிட்டால் உரசும், அளவுக்கு மீறினால் மோட்டாரின் சி-கிளிப் உந்துவிசையைத் தாங்கிக் கழன்றுபோகும்.

குழாயின் வெளிமுனையை 0.5 மி.மீ. பித்தளைத் தகட்டில் செய்த ஸ்ட்ரட் தாங்கட்டும். ஸ்ட்ரட்டைப் பின்பலகையில் திருகும் துளையை நீள்வட்டமாக ராவினால், பின்னால் 1 மி.மீ. ஏற்றி இறக்கிச் சரிசெய்ய முடியும். இந்த ஒரு மில்லிமீட்டர் சுதந்திரம் பிறகு உங்களைக் காப்பாற்றும். அதற்காகக் குழாயின் கடைசி 30 மி.மீ.ஐ ஹல்லோடு ஒட்டாமல் விட்டு, காடியை மெல்லிய சிலிக்கான் சீலன்ட்டால் மட்டும் மூடுங்கள்.

குழாய்க்குள் கெட்டி கிரீஸ் அடைக்க வேண்டாம். இவ்வளவு சின்ன மோட்டாருக்கு அது பிரேக் பிடிப்பது போல. மெல்லிய லித்தியம் கிரீஸில் ஒரு சொட்டு மெஷின் ஆயில் கலந்தால் போதும். குழாயின் மேல்முனை, படகு நிற்கும்போதுள்ள நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஹல், ஸ்பான்சன், நீர்காப்பு

ஸ்பான்சன்களின் அடிவிளிம்பும் பின்விளிம்பும் கத்தி போலக் கூர்மையாக இருக்க வேண்டும். பால்சாவைத் தேய்க்கும்போது விளிம்பு வட்டமாகிவிடுவது இயல்பு. வட்டமான விளிம்பைத் தண்ணீர் விடாமல் பற்றிக்கொள்ளும், படகு எழும்பாது. விளிம்பில் நீர்மையான சயனோவை ஊறவிட்டு, உலர்ந்ததும் தட்டையான கட்டையில் ஒட்டிய 400 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். இரு ஸ்பான்சன்களின் அடிப்பரப்பும் 2 முதல் 4 டிகிரி மூக்கு உயர்ந்த சாய்வில், இரண்டும் ஒரே அளவில் இருக்கட்டும். அரை டிகிரி வேறுபட்டாலும் படகு எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து ஓடும். மரத்தில் இப்போதே திருத்திவிடுங்கள், டிரிம் பொத்தானால் இதைச் சரிசெய்ய முடியாது.

உட்புறத்தில் எபாக்ஸியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் சேர்த்துத் தளர்த்தி, தூரிகையால் ஒரு கோட் மட்டும். மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுங்கள். வெளியே சாண்டிங் சீலர் இரண்டு கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே தேய்ப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் தராசில் வைத்து ஹல்லுக்குள்ளேயே பென்சிலால் எடையை எழுதிக்கொண்டே போனால், எங்கே கூடியது என்று பிறகு தேட வேண்டியதில்லை.

பால்சா ஹல் நிரம்பினாலும் மூழ்காமல் மிதந்து கிடக்கும். பிளாஸ்டிக் கிட் அப்படியல்ல, நேராகத் தரைக்குப் போய்விடும். அதில் 60 முதல் 80 க.செ.மீ. ஃபோமை ஸ்பான்சன்களிலும் மூக்கிலும் அடைத்துவிடுங்கள்.

சுக்கானும் திருப்பத் தகடும்

சுக்கானுக்கு 0.8 மி.மீ. அலுமினியத் தகடு, 10 மி.மீ. அகலம், தண்ணீருக்குள் 20 மி.மீ. ஆழம், முன்விளிம்பு கூராக. ப்ராப்புக்கு நேர் பின்னால் வைக்காமல் 15 மி.மீ. பக்கவாட்டில் தள்ளிப் பின்பலகையில் பொருத்துங்கள். ப்ராப் கிளப்பும் நுரையில் நின்றால் அதற்குப் பிடிப்பு இருக்காது. இருபக்கமும் 20 டிகிரி திரும்பினால் தாராளம். 0.8 மி.மீ. எஃகுக் கம்பி புஷ்ராட், நீர்மட்டத்துக்கு மேலே பின்பலகையில் கிரீஸ் நிரப்பிய ஒரு சின்னக் குழாய் வழியாக வெளியே வரட்டும்.

திருப்பத் தகடு இல்லாமல் மூன்று புள்ளிப் படகு திரும்பாது, பனிக்கட்டியில் தட்டைத் தள்ளியது போலப் பக்கவாட்டில் வழுக்கும். வலது ஸ்பான்சனின் பின்முனையில் 0.5 மி.மீ. அலுமினியத்தில் 15 மி.மீ. நீளம், 12 மி.மீ. ஆழத்துக்கு ஒன்று. நடுக்கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். ஒரு டிகிரி உள்நோக்கித் திரும்பியிருந்தாலும் நேர்கோட்டில் வேகம் குறையும்.

மின்னணு பாகங்கள்

இ.எஸ்.சி.யில் பிரேக்கை அணைத்து, தொடக்கத்தை மென்மையாக வையுங்கள். குறைவோல்ட் பாதுகாப்பு ஒரு செல்லுக்கு 3.3 வோல்ட்டில் இருக்கட்டும், அதுவும் சட்டென்று நிறுத்தாமல் சக்தியைக் குறைக்கும் முறையில். ஏரி நடுவில் நின்றுபோன படகைவிட, ஊர்ந்தாவது கரைக்கு வரும் படகு மேல். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிச் சொருகினால் போதும்.

ரிசீவர், இ.எஸ்.சி. பலகைகளில் நிறமற்ற நகப்பூச்சு இரண்டு கோட் பூசுங்கள். இணைப்பு முனைகளிலும் (டிரான்ஸ்மிட்டரோடு ஜோடி சேர்க்கும்) பைண்ட் பொத்தானிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சர்வோவின் கை வெளியேறும் இடத்தில் கிரீஸ், உறையின் இணைப்பில் மெல்லிய டேப். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவின் கடைசி 31 மி.மீ. மட்டுமே உண்மையில் வேலை செய்யும் பகுதி. அதை ஒரு பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலில் செருகி மேல்தளத்துக்கு மேலே நிமிர்த்தி வையுங்கள். இந்த அலைவரிசையைத் தண்ணீர் விழுங்கிவிடும். ஹல்லுக்குள் படுத்துக் கிடக்கும் ஆன்டெனா மேசையில் நன்றாகவும் ஏரியில் மோசமாகவும் நடந்துகொள்ளும்.

ஃபெயில்சேஃபில், அதாவது சிக்னல் அறுந்துபோகும்போது, த்ராட்டில் பூஜ்யத்துக்கு வர வேண்டும். ப்ராப்பைக் கழற்றி, மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதியுங்கள். த்ராட்டில் வரம்பை முதலில் 50 சதவீதத்திலும், சுக்கானுக்கு எக்ஸ்போவை (நடுநிலைக்கு அருகே அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 சதவீதத்திலும் வைத்துத் தொடங்குங்கள்.

முதல் ஓட்டம்

முதலில் தொட்டித் தண்ணீரில் ஐந்து நிமிடம் மிதக்கவிடுங்கள். உள்ளே ஈரம் எங்கிருந்து வருகிறது, படகு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிடும். இடஞ்சுழி ப்ராப் என்றால் பேட்டரியை 2 அல்லது 3 மி.மீ. இடப்பக்கம் தள்ளி வைப்பது நல்லது.

பிறகு நீந்துபவர்களோ பறவைகளோ இல்லாத, அலையற்ற, காற்றில்லாத நீர்நிலை. 110 கிராம் படகுக்கு 3 செ.மீ. அலையே மலைதான். உப்புநீரைத் தவிர்த்துவிடுங்கள், மோட்டார் பேரிங் ஒரே நாளில் துருப்பிடிக்கும். படகைத் தண்ணீரில் வைத்து, முன்னோக்கி மெல்லத் தள்ளிவிட்டு த்ராட்டில் கொடுங்கள். நின்ற இடத்திலிருந்து ஒரேயடியாகக் கொடுத்தால் ப்ராப் காற்றை உறிஞ்சி வெறுமனே சுழலும். ஒரு நிமிடம் ஓட்டிக் கரைக்குக் கொண்டுவந்து மோட்டாரைத் தொடுங்கள். விரலை மூன்று விநாடி வைத்திருக்க முடிந்தால் சரி. 240 எம்ஏஎச் செலவானதும் நிறுத்திவிட வேண்டும். சராசரி 3 ஆம்ப்பில் அது ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. டிரான்ஸ்மிட்டர் டைமரை நான்கில் வையுங்கள்.

ஓடாவிட்டால், அல்லது விபரீதமாக ஓடினால்

*எழும்பாமல் உழுகிறது.* மறுபடி தராசு. எடை சரியென்றால் ஈர்ப்பு மையம் பின்னால் இருக்கும். அதுவும் சரியென்றால் ஸ்பான்சன் விளிம்பைப் பாருங்கள்.

*மோட்டார் கத்துகிறது, படகு நகரவில்லை.* ஒன்று ப்ராப் காற்றை உறிஞ்சுகிறது, ஸ்ட்ரட்டை 1 மி.மீ. இறக்குங்கள். இல்லையேல் கப்ளிங் வழுக்குகிறது. மார்க்கர் பேனாவால் இரு அச்சுகளின் மீதும் ஒரே கோடு போட்டுவிட்டு ஓட்டினால், எது என்று உடனே தெரியும்.

*மூக்கு மேலும் கீழும் குதிக்கிறது.* பேட்டரியை 3 மி.மீ. முன்னால் நகர்த்துங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

*வேகத்தில் மூக்கு தூக்கிப் பின்பக்கமாகக் கவிழ்கிறது.* ஸ்பான்சன்களுக்கு நடுவே காற்று புகுந்து தூக்குகிறது. பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். அப்படியும் கவிழ்ந்தால் அன்று எதிர்காற்றில் முழு த்ராட்டில் வேண்டாம்.

*மூக்கு தண்ணீரில் குத்துகிறது.* ப்ராப் பின்பக்கத்தை அதிகமாகத் தூக்குகிறது. ஸ்ட்ரட்டைச் சற்று ஏற்றினால் ஷாஃப்ட் சாய்வு குறையும்.

*முழு த்ராட்டிலில் திருப்பும்போது ஒரு கணம் கட்டுப்பாடு போகிறது.* பெரும்பாலும் பி.இ.சி.யின் வோல்ட்டேஜ் விழுகிறது. புஷ்ராட் எங்காவது இறுகி சர்வோ அதிக மின்சாரம் இழுக்கிறதா என்று முதலில் பாருங்கள். கையால் சுக்கானை அசைத்தால் தடையில்லாமல் அசைய வேண்டும்.

நடுவில் நின்றுபோன படகை எடுக்க நீந்திப் போகாதீர்கள். தூண்டில் நரம்பின் முனையில் ஒரு பந்தைக் கட்டிப் படகுக்கு அப்பால் எறிந்து, நரம்பை அதன் மீது படியவிட்டு மெல்ல இழுங்கள், வந்துவிடும். கரைக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றுங்கள். அது நனைந்திருந்தால் உடனே சார்ஜ் செய்யாமல், எரியக்கூடிய பொருள் எதுவும் அருகில் இல்லாத திறந்த இடத்தில் உலரவிடுங்கள். மேல்தள மூடியைத் திறந்தே வைத்து, மோட்டார் பேரிங்கிலும் குழாயின் இரு முனைகளிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அடுத்த ஓட்டம் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போகும் என்றால், பேட்டரியை ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி எடுத்து வையுங்கள்.